ஐ டவுட் இட் என்றாவது சொல்லியிருக்கலாம்

1931 ஐப்பசி, செவ்வாய் இரவு.

நோயாளியின் கட்டிலருகே நின்று எங்கள் வெள்ளைக்கார டாக்டர் துரை நர்ஸான என்னிடம் மட்டும் இங்கிலீஷில் சொல்வார். 'பெர்ஹாப்ஸ்' என்றால் பிழைக்க இடமுண்டு. 'ஐ டவுட் இட்' என்றால் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவர் அப்படிச் சந்தேகப்பட்ட சிலர் நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இனி ஒன்றுமே செய்வதற்கில்லை என்றால்தான் இங்கிலீஷை விட்டுவிடுவார். வீட்டாரைப் பார்த்து, தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "எல்லாம் சரியாகும், அம்மா" என்பார். நான் வேலைக்கு வந்த நாள்முதல் இது தவறியதில்லை.

இன்று என் தம்பியின் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐ டவுட் இட் என்று சொல்லிவிடுங்கள் ஐயா, அது போதும் என்றிருந்தது.

துரை குழலைக் கழற்றினார். தினமும் என்னை நர்ஸ் என்று கூப்பிடுகிறவர், முகத்தைப் பார்க்காமல், "எல்லாம் சரியாகும், அம்மா" என்றார். தமிழில்.

வெளியே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொரை என்ன சொன்னாரு மக்ளே? பொழச்சுக்கிடுவானா?"

இங்கிலீஷில் ஏதாவது சொல்லியிருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன். மாற்றுவதற்கு எதுவும் இல்லை.

"எல்லாம் சரியாயிரும், அம்மா."

அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. படுக்கும்போதுகூடச் சொன்னாள்: "நாளைக்குக் காலத்தே நெத்திலி வாங்கணும் மக்ளே. அவியல் வச்சா பய ரெண்டு வாய் கூடுதலாத் திம்பான்."

சரி என்றேன்.