உயர்த்திய புகைபோக்கி

அம்மாடி,

இந்தக் கடிதத்தை முழுதும் படிக்காமல் போட்டுவிடாதே.

நீ கல்யாணமாகிப் போன வருஷம், எங்கள் ஆலையின் புகைபோக்கியை இருமடங்கு உயர்த்தியது நான்தான். நம் குடியிருப்பில் இருமல் நின்றது. எல்லோரும் என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள்.

நேற்று, காற்றைச் சோதிக்கும் ஆய்வகத்துப் பெண் சொன்னாள்: "உங்க புகைபோக்கி விடுற கந்தக வாயு எங்கயும் போயிடல சார். காத்துல போகப்போக நுண்துகளா மாறி, தூரத்து ஊர்ல எறங்குது. நுரையீரலோட அடிவரைக்கும் போயிடும்."

"எந்த ஊரு?" என்றேன். உன் ஊரைச் சொன்னாள்.

மூச்சுத் திணறிப் பேரன் போன அன்று, எல்லார் முன்னாலும், "புள்ளையப் பாத்துக்கத் துப்பில்லையே உனக்கு" என்று உன்னைக் கேட்டேன்.

என் வீட்டில் காற்று இன்றும் சுத்தம்தான். அவன் இழுத்த மூச்சுதான் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நீ நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய், அம்மா.

அப்பா