உறைக்குள் மரவாள்

உங்களுக்கு,

நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். வீட்டை விட்டுப் போனவரிடம் அதைக் கேட்கலாமா என்றே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா மிட்சுயே என்னை ஒசாஃபுனே ஊரிலுள்ள வாள் அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒரு கண்ணாடிப் பெட்டியில் அரக்கு பூசிய அழகான உறை. பக்கத்திலேயே வாள், தனியாக.

“அப்ப உறைக்குள்ள வெறும் காத்துதானா?” என்றார் அக்கா.

“இல்லைங்க, மரவாள் இருக்கு,” என்றாள் அங்கிருந்த பெண். “காட்சிக்கு வைக்காதப்ப நிஜ வாள் வேற ஒரு சாதா உறையில தூங்கும். இந்த உறையும் பிடியும் கழண்டுபோகாம இருக்க, அதே வளைவுல மரத்துல செஞ்சு சொருகி வைப்போம்.”

“என் தம்பியும் வீட்ல மரம் மாதிரிதான் உக்காந்திருந்தான். நிஜத்தை எங்க தூங்கவெச்சானோ!”

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் அந்தப் பெட்டியை விட்டு நகர முடியவில்லை.

உங்கள் கறுப்பு ஷூ இன்னும் வாசலில்தான் இருக்கிறது. தனியாக இருக்கும் பெண் வீட்டில் ஆம்பிளை ஷூ கிடந்தால் திருடன் வரமாட்டான் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அதற்குத்தானா என்று இப்போது எனக்கே குழப்பம். பாலீஷ் வேறு போடுகிறேன். திருடனுக்கு எதற்கு பாலீஷ்?

கிளம்புகிறவருக்கு வசதியாக, வழக்கம்போல அதன் முனை கதவைப் பார்த்தபடி இருந்தது. இன்று காலை உள்பக்கமாகத் திருப்பிவைத்தேன். யாரோ இப்போதுதான் வந்து கழற்றிய மாதிரி இருக்கிறது.

இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் உள்ளறையில் எட்டிப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
அதே வீட்டில் இருப்பவள்