இரண்டு கரண்டி சுண்ணாம்பு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே கேன்டீனில் மிஞ்சுவதை அரைத்து, மண்புழுக்களுக்குப் போட்டு உரமாக்குகிறோம். அரைத்தது புளித்தால் புழு தின்னாது. புளிப்பு அடங்கத் தொட்டிக்கு இரண்டு கரண்டி சுண்ணாம்புத்தூள் கலக்க வேண்டும். நேற்று நான் உன்னைப் போலக் கைக்கணக்கில் அள்ளிப் போட்டுவிட்டேன். மதியத்துக்குள் புழுக்கள் சுவரேறிவிட்டன! வாய்விட்டு உன்னிடம் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேறு தொட்டியில் விட்டேன். ஒன்றும் சாகவில்லை, கவலைப்படாதே.

“யாருகூடப்பா இவ்வளவு நேரமா பேசிட்டிருந்த?” என்றார் சூப்பர்வைசர்.

“அம்மாகூட, போன்ல.”

காலையில் எங்கள் போன்களை வாங்கிப் பூட்டி வைப்பவரே அவர்தான். தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

காபித்தூள் டப்பாவில் கிடக்கும் சின்னக் கரண்டியை அனுப்பிவை. இங்கேயும் கரண்டி இருக்கிறது. இருந்தாலும் அனுப்பு.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் மகன்