ஆகஸ்ட் மாத மதிப்பெண்

டுலூத்,
ஆகஸ்ட் 9

அன்புள்ள ஆண்டர்ஸ்,

ஒரு தலை எத்தனை மோதல்களைத் தாங்கும்? பக்கத்து வீட்டு ஷெர்லி நேற்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். பாலம் என்றால் எத்தனை லாரிகளைத் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். என் வேலையே அதுதான். தலைக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

அமெரிக்கக் கால்பந்து முகாமில் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வதால் உன் கையெழுத்தைப் பார்க்கிறேன். அதற்காக மட்டும் உன் கோச்சுக்கு நன்றி. வகுப்புகள் தொடங்கிய பிறகு, விடிவதற்குள் பயிற்சி, முடிந்த கையோடு பாய்ம இயக்கவியல், மாலையில் மறுபடி பயிற்சி என்கிறாய். எப்போது தூங்குவாய்?

அன்புடன்,
அம்மா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அம்மா,

தலைக்கும் கணக்கு உண்டு என்று ஷெர்லியிடம் சொல்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் எங்களைக் கணினி முன் உட்கார வைத்து ஒரு நினைவாற்றல் தேர்வு வைப்பார்கள். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே தேர்வு மறுபடியும். மதிப்பெண் குறைந்திருந்தால் ஆட விடமாட்டார்கள். அதனால் ஆகஸ்டில் எல்லோரும் வேண்டுமென்றே சொதப்புவோம். போன வருடம் எங்கள் அணியின் டெரல் அளவுக்கு மீறிச் சொதப்பி மாட்டிக்கொண்டான். நான் எத்தனை தப்பு செய்தால் கணினி சந்தேகப்படாது என்று கணக்குப் போட்டேன். வாங்கியது நூற்றுக்கு அறுபத்தொன்று. ஒழுங்காக எழுதினால் தொண்ணூறைத் தாண்டுவேன்.

டெரல் என்னைத் தூக்கிச் சுற்றினான். "டேய் கால்குலேட்டர், உன்ன இத்தன நாளா எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தாங்க!"

பாலத்தில் நீயும் பாதுகாப்புக்குக் கொஞ்சம் இடம் விடுவாய் அல்லவா? அதுதான் இது.

உன் மகன்,
ஆண்டர்ஸ்


டுலூத்,
ஆகஸ்ட் 27

அன்புள்ள ஆண்டர்ஸ்,

நாங்கள் இடம் விடுவது பாலம் உடையாமல் இருக்க. நீ விட்டிருப்பது, உடைந்தால் தெரியாமல் இருக்க.

குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிக் காலுறைகள் அனுப்பியிருக்கிறேன்.

அம்மா


அக்டோபர் 11

அன்புள்ள அம்மா,

போன் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. அதனால் மறுபடி கடிதம்.

சனிக்கிழமை ஒரு மோதல். நீ டிவியில் பார்த்திருப்பாய். தேர்வு வைத்தார்கள், தேறிவிட்டேன். கணக்கு பலித்தது.

நேற்று பாய்ம இயக்கவியல் இடைத்தேர்வு. முதல் கேள்வி குழாயில் ஓடும் நீரைப் பற்றியது. போன மாதம் நானே டெரலுக்குச் சொல்லிக்கொடுத்தது. மூன்று முறை படித்தேன். பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். பேராசிரியர் தாளைத் தூக்கிப் பார்த்து, "சனிக்கிழமை கைதட்டு வாங்கினவருக்கு வியாழக்கிழமை மார்க் எதுக்கு, இல்லையா?" என்றார். வகுப்பு சிரித்தது.

தூக்கமில்லாததுதான் காரணம். யாரிடமும் சொல்லாதே. ஆட்டம் போனால் உதவித்தொகை போகும், அதோடு படிப்பும் போகும்.

ஆண்டர்ஸ்


டுலூத்,
அக்டோபர் 16

அன்புள்ள ஆண்டர்ஸ்,

இன்று காலை உங்கள் அணி மருத்துவர் பிளெவின்ஸிடம் பேசினேன். உன் ஆகஸ்ட் மதிப்பெண் பொய் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்கவில்லை. கோபப்படுவாய். படு. நீ பொறியாளர் ஆவதற்கு அந்தத் தலைதான் வேண்டும்.

அம்மா


அக்டோபர் 21

அம்மா,

கோச் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "நம்ம கால்குலேட்டரோட அம்மா போன் பண்ணாங்கப்பா. எல்லாரும் புள்ளைய மெதுவாத்தான் இடிக்கணுமாம்." மாலையில் என் அலமாரியில் ஒரு பால் புட்டி இருந்தது. டெரல் வைத்தது.

பிளெவின்ஸ் கூப்பிட்டார். "இப்ப ஏமாத்தாம எழுது தம்பி. ஆகஸ்ட்ல நீ நடிச்சிருந்தா இப்ப மார்க் எகிறிடும். அவ்வளவுதான் விஷயம்."

மறுபடி அறுபத்தொன்றுக்குக் குறிவைத்தால் தப்பிக்கலாம் என்று தெரியும். ஆனால் எனக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு தப்பைக்கூட வேண்டுமென்று செய்யவில்லை, அம்மா. முழு மூச்சாக எழுதினேன்.

அறுபது.

பிளெவின்ஸ் முதுகில் தட்டினார். "நீ நடிக்கல தம்பி. அம்மாதான் பயந்துட்டாங்க. போ, சனிக்கிழம ஆடு."

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தவர் யாரும் என் அருகில் வேண்டாம். இனி எழுதாதே.

ஆண்டர்ஸ்


டுலூத்,
அக்டோபர் 25

அன்புள்ள ஆண்டர்ஸ்,

எழுதாதே என்றாய். இதைத் தபாலில் போடவில்லை. இப்போதே காரில் கிளம்புகிறேன், நேரில் தருவேன். ஆட்டத்துக்கு முன் பிளெவின்ஸிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்: ஆகஸ்டில் வேண்டுமென்றே சொதப்பினேன், இந்த அறுபதுதான் முழு மூச்சாக எழுதி வாங்கியது என்று. மற்றதை நான் பேசிக்கொள்கிறேன். படிப்பு போனால் போகட்டும். வீட்டுக்கு வா.

அம்மா

மறுநாள், அக்டோபர் 26:

இதைக் கொடுக்க முடியவில்லை. வீரர்கள் பக்கம் என்னை விடவில்லை. ஆண்டர்ஸ் தொடக்கத்திலிருந்தே ஆடினான். மூன்றாவது பகுதியில் தலையோடு தலை மோதி விழுந்தான். தானாகவே எழுந்தான். நடந்துபோய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தான். அரங்கம் முழுவதும் சிரித்தது. எனக்குப் பின்னால் ஒருவர், "என்ஜினியரிங் படிக்கிற பையனாம்பா, வழியே தெரியல," என்றார். எதிரணிக்காரன் ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். ஆண்டர்ஸ் வாங்கிக் குடித்துவிட்டு, அவனுக்கு நன்றி சொன்னான்.