நடப்பதற்கு ஒரு பாட்டு

அக்கா,

அப்பா நடக்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள். அவர் பக்கத்து அறையில் இருப்பதால் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

நடக்காவிட்டால் நீரிழிவுக் காலுக்கு இரத்தம் ஓடாது, பிறகு காலையே எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் அவரிடமே சொன்னார். ஆனாலும் அம்மா போனதிலிருந்து அவர் கட்டிலை விட்டு இறங்குவதில்லை.

வெள்ளவத்தையில் நான் போகும் நூலகத்தில், நடைப்பயிற்சிக்கு ஏற்ற பாட்டுகளை ஒரு பலகையில் எழுதி வைக்கிறார்கள். அங்கே வேலை செய்யும் டோரின் அன்ரியிடம் அப்பாவுக்கும் ஒன்று கேட்டேன்.

"அம்மா ஞாபகம் வராத பாட்டாக் குடுங்க மகள்," என்று அவர் துள்ளலான ஒரு பைலாப் பாட்டைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அதைப் போடட்டுமா என்று கேட்டதும் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அம்மா செத்து ஒரு வருசமாகேல்லை, ஆட்டைத்திவசமே இன்னும் முடியேல்லை. செத்த வீட்டில பாட்டோ?"

"இயர்ஃபோனிலதானே அப்பா. வீட்டில ஒருத்தருக்கும் கேக்காது."

"எனக்குக் கேக்கும்தானே, பிள்ளை."

அதன்பின் நான் வற்புறுத்தவில்லை.

பாதம் கறுத்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுக்கப் போகிறார்கள். இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். திவசத்துக்குப் போட்ட டிக்கெட்டை முன்னுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்.

வந்ததும் அவருடைய முகத்தை மட்டும் பார்த்துக் கதையுங்கள்.

உங்கள் தங்கை