முதுகில் ஒரு மேடு

மார்ச் 3
இன்றும் அதே மேடு. மீன் வடிவ மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி, அதன் முதுகில் வரிசையாகப் பதித்த மைக்குகளைக் கேட்கிறேன். மேற்பரப்பை ஒட்டிக் கொந்தளித்து ஓடும் காற்று முதுகில் விடும் சின்னச் சின்ன அடிகளை அவை பிடிக்கும். அந்தச் சத்தத்தின் வரைபடம் சீராகச் சரிந்து இறங்க வேண்டும். எனக்கு மட்டும் நடுவில் மேடாக முட்டிக்கொண்டு நிற்கிறது. ஏன்?

பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இதை யாரும் பாத்ததில்லம்மா. கட்டுரை அனுப்பிடலாம்." மேடு உண்மையானால் இந்த ஆண்டே எனக்கு முனைவர் பட்டம். பொய்யானால் கையில் ஒன்றுமில்லை.

மார்ச் 5
மாதிரியை அரைச்சுற்று உருட்டி, முதுகு கீழே வரும்படி வைத்தேன். மேடும் கூடவே வந்துவிட்டது. அப்படியானால் காரணம் சுரங்கத்தின் இரைச்சல் இல்லை. மைக்கா?

மார்ச் 6
மைக்குகளை மாற்றினேன். மேடு அசையவில்லை.

மார்ச் 9
மைக்கும் இல்லை, சுரங்கமும் இல்லை. அப்படியென்றால் உண்மைதானே? சந்தோஷம் ஏன் வரவில்லை? "காத்துக்காகப் போய் யாராச்சும் சோத்தை விடுவாங்களா?" என்றாள் அக்கா. சிரித்தேன். சாப்பிடவில்லை.

பேராசிரியர் கட்டுரையை அனுப்பிவிட்டார்.

மார்ச் 12
தூசி துடைக்கும்போது விரலில் தட்டியது. மாதிரியின் மூக்கைச் சுற்றி உப்புத்தாள் பட்டை ஒட்டுவோம். காற்று சுற்றிலும் ஒரே மாதிரி கொந்தளிக்கத் தொடங்க அது வேண்டும். அதன் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. மைக் வரிசைக்கு நேராக. நான் ஒட்டியதுதான். பேராசிரியர் சொல்லித் தந்தபடியே, இணைப்பு கண்ணில் படும்படி மேலே வைத்து.

அந்தத் தடிப்பைத் தாண்டி வந்த காற்றையா இத்தனை நாளும் கேட்டேன்? மாதிரியை உருட்டினா பட்டையும் சேர்ந்துதானே உருளும் — இது ஏன் எனக்குத் தோணல? எனக்கு என்ன ஆச்சு?

மார்ச் 13
பட்டையை உரித்து, இணைப்பு அடிவயிற்றில் வரும்படி புதிதாக ஒட்டினேன். மேட்டைக் காணோம். பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். "வேற யாருக்காச்சும் தெரியுமா?" என்றார்.

"எனக்குத் தெரியுமே சார்."

எப்படிச் சொன்னேன்? கோபமா, பயமா — புரியல.

மார்ச் 17
கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார். இந்த ஆண்டு பட்டம் இல்லை. அக்காவிடம் சொல்லி அழுதேன். சரியாகத்தான் செய்தேனா?

மார்ச் 20
மதியம் பேராசிரியர் அலமாரியிலிருந்து தன் பழைய மாதிரியை எடுத்து வந்தார். அவருக்குப் பேர் வாங்கித் தந்த அளவீடு அதில் செய்ததுதான். என் மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இணைப்பு எங்க இருக்குன்னு பாரும்மா."

தடவிப் பார்த்தேன். மேலேதான் இருந்தது, மைக் துளைகளுக்கு நேராக. விரலை அங்கேயே வைத்தபடி, "இங்க சார்" என்றேன். அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்தார்.