மறுபக்கச் சொடக்கு

இன்று காலை பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்கு வந்த பேருந்தில், முன்னிருக்கையில் இருந்தவரின் பிடரியில் எண்ணெய் மினுங்கியது. கற்பூரமும் பூண்டும் கலந்த வாசனை. அவர் தலையை மட்டும் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பி, ஜன்னலை மூடச் சொன்னார். கடைசி நாட்களில் நீயும் அப்படித்தான் திரும்பினாய். இறங்கும்வரை அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்திரிகைக்காக நான் தக்காளி மண்டியில் விலை விசாரிக்க வரும்போதெல்லாம், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ஏலம் விட்டுக்கொண்டிருப்பாய். கழுத்து வலி அதில் வந்தது என்பாய். சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிச் சொடக்கு எடுக்கச் சொல்வது உன் வழக்கம். சத்தம் வராவிட்டால் நாற்காலியை விட்டு எழ மாட்டாய்.

தர்மபுரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் உன்னை அழைத்துப் போனேன். எப்போது வலிக்கிறது, தலை சுற்றுமா, வேலையில் எதை மாற்றிக்கொள்ள முடியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நீ கழுத்தைத் திருப்பிவிடச் சொன்னாய்.

"தலை சுத்துதுன்னு சொல்றீங்க. டாக்டரைப் பாத்துட்டு வாங்க, அதுவரைக்கும் நான் திருப்ப மாட்டேங்க. வேற என்ன செய்யலாம்னு சேந்தே முடிவு பண்ணலாம்" என்றார்.

வெளியே வந்ததும் சிரித்தாய். "என்ன செய்யலாம்னு எங்கிட்டயே கேக்குது. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன்யா இங்க வர்றேன்? கை வெக்கவே பயம் அதுக்கு."

மறுவாரம் நீயாகவே, கொட்டகை போட்டுச் சுளுக்கு எடுக்கும் வேறொருவரிடம் போனாய். அவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதுதான் அவருடைய பேர். போய்வந்த அன்று மாலை டீக்கடையில் உட்கார்ந்து, நடந்ததை வேடிக்கைபோலச் சொன்னாய்.

முதலில் வலப்பக்கம் திருப்பினார். கொட்டகையில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் சத்தம் கேட்டது. உடனே உன் கண் மங்கியது. கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம் இருங்க, கண்ணு ஒரு மாதிரி இருக்குது" என்றாய்.

"நரம்பு வுடுதுங்க. பேசாம ஒடம்ப லூசா வுடுங்க" என்றார் அவர்.

காத்திருந்த ஒரு அம்மா, "மண்டில அந்தச் சத்தம் போடறவரு இங்க வந்து பயப்படறாரு பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாயாம்.

"அப்பவே எந்திரிச்சு வந்திருக்கலாமே" என்றேன்.

"பாதியில எப்படிய்யா வர்றது? ஒரு பக்கம் எடுத்துட்டு மறுபக்கத்த வுட்டா கழுத்து கோணிக்கும்."

சுளுக்கு எடுப்பவரும் அதைத்தான் நம்பினார். மறுபக்கமும் எடுத்தார்.

சொல்லிக்கொண்டே டீ கிளாஸை வைத்தாய். பெஞ்சில் அல்ல, பெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில். விழுந்து உடைந்தது. அதற்கும் சிரித்தாய். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது. ஆட்டோவில் உன்னை ஏற்றும்போது செருப்பு கழன்றதுகூட உனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். கழுத்தைத் திருப்பியதால்தான் என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. உறுதி இல்லாததை எழுதி எனக்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நீ "இருங்க" என்றாய், அவர் நிறுத்தவில்லை.

அந்தக் கொட்டகையில் கூட்டம் குறையவில்லை. நேற்று உன் அண்ணன் போன் செய்தார். அவருக்கும் கழுத்துப் பிடிப்பு.

"வெள்ளிக்கெழம அதே ஆளுகிட்ட போறேன், கூட வா. தம்பிக்குக் காலம் முடிஞ்சுது, அதுக்கு அவரு என்னா பண்ணுவாரு?"

பிசியோதெரபி பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"அதுக்குக் கை வெக்கவே பயமாம்ல" என்றார். நீ வீட்டில் போய்ச் சொன்ன பேச்சு.

தலை சுற்றுகிறதா என்று கேட்டேன்.

"லேசா" என்றார். பிறகு, "அங்க வந்து எதுவும் பேசிடாத. அவருக்குக் கோவம் வந்தா கை ஓடாது."

வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். உன் அண்ணன் தலைமாட்டில் நிற்பேன். அவர் கையைத் தூக்குவாரா, எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பாரா, தெரியாது. நீ கேட்டும் கிடைக்காத அந்த ஒரு நிமிடத்தை நான் மறக்கவில்லை. முதல் பக்கம் திருப்புவதற்கு முன்பே, "ஒரு நிமிஷம் இருங்க, இவருக்குத் தலை சுத்துது" என்று அதைக் கேட்டுவிடுவேன்.